டிம் அடித்தால் அணைய வேண்டும்: காரில் கூடுதல் எல்இடி விளக்கு மாட்டும் முறை

சேத்துப்பட்டிலிருந்து போளூர், வந்தவாசி, செஞ்சி என்று எந்தப் பக்கம் கிளம்பினாலும் ஊரைத் தாண்டிய கொஞ்ச நேரத்தில் தெருவிளக்கு நின்றுவிடும். அதற்குப் பிறகு வழியில் என்ன கிடக்கிறது என்பதை ஹெட்லைட்தான் சொல்ல வேண்டும். ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கு நெல் மூட்டை ஏற்றிக்கொண்டு பின்விளக்கே இல்லாத டிரெய்லரோடு டிராக்டர் போகும். அறுவடைக் காலத்தில் தார்ச்சாலையின் ஒரு பாதியில் நெல் காயும். இரவில் அதைக் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடி, ஓரத்தில் கருங்கல்லை வரிசையாக வைத்திருப்பார்கள். அமாவாசைக்கு மேல்மலையனூர், பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை என்று ராத்திரி முழுக்க ஆள் நடமாட்டம் வேறு. இந்த ரோட்டில் ஓட்டுகிறவர் வெளிச்சம் பத்தவில்லை என்று சொன்னால் அதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் இது நடுவில் தடுப்பு இல்லாத ரோடு. எதிரே வருகிற டிவிஎஸ் 50-காரர் உங்கள் வெளிச்சத்தில் கண் கூசி ஓரம் ஒதுங்கினால், அந்தக் கருங்கல் வரிசையில்தான் போய் ஏறுவார். அதனால் இந்த அத்தியாயத்தில் சொல்லும் வயரிங் முழுவதும் ஒரே நிபந்தனையைச் சுற்றி அமைந்தது: நீங்கள் புதிதாக மாட்டும் விளக்கு ஹை பீமோடு மட்டுமே எரிய வேண்டும், நீங்கள் டிம் அடித்த நொடியில் அதுவும் அணைய வேண்டும். தனி சுவிட்ச் போட்டு, டிம்மிலும் எரியும்படி கட்டிக்கொடுக்கிற கடைகள் நிறைய உண்டு. அப்படிக் கட்ட ஒத்துக்கொள்ளாதீர்கள்.

முதலில் பழைய விளக்குக்கு முழு கரண்ட் போகிறதா?

புது விளக்கு வாங்கப் போவதற்கு முன் ஒரு மல்டிமீட்டரை எடுங்கள். இன்ஜினை ஓடவிட்டு ஹெட்லைட்டைப் போட்டு, பேட்டரியின் இரு முனைகளிலும் வோல்ட் பாருங்கள். 13.8 அல்லது அதற்கு அருகில் காட்டும். பிறகு விளக்கு எரியும்போதே, பல்பின் கப்ளருக்குப் பின்னால் மீட்டர் ஊசியைச் செருகி அங்கே எவ்வளவு வருகிறது என்று பாருங்கள். பத்து வருடம் ஓடிய வண்டியில் 12.2 காட்டினால் ஆச்சரியமில்லை. சுவிட்சிலும் ஜாயின்டிலும் மெல்லிய வயரிலும் மீதி தொலைந்துபோகிறது.

1.6 வோல்ட்தானே என்று விடக்கூடாது. ஹாலஜன் பல்பின் வெளிச்சம் வோல்ட் குறையும் அளவுக்கு மட்டும் குறைவதில்லை. அதைவிடப் பல மடங்கு வேகமாக விழும். தோராயமாக வோல்ட் விகிதத்தின் 3.4ஆம் அடுக்கு என்பது கணக்கு. 13.8-க்குப் பதில் 12.2 வந்தால் வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது என்று பொருள். பேட்டரியிலிருந்து தடித்த வயரில், ரிலே வைத்து, ஹெட்லைட்டுக்கு நேராகக் கரண்ட் கொடுக்கும் ரெடிமேட் வயரிங் கிட் ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடைகளில் கிடைக்கிறது. இதைப் போட்டு, மங்கிப்போன ஹெட்லைட் கண்ணாடியை பாலிஷ் செய்தால் பாதிப் பேருக்கு எல்இடி ஆசையே போய்விடும் என்பது என் எண்ணம். செலவும் குறைவு, எதிரே வருகிறவருக்கும் தொந்தரவில்லை. ஒன்றே ஒன்று: கிட் போட்டுவிட்டோமே என்று 100/90 வாட் பல்பை மாட்டாதீர்கள். ஹெச்4 பல்புக்கான அளவு 60/55 வாட். அதற்கு மேல் போனால் ஹோல்டர் உருகும், ரிஃப்ளெக்டரின் வெள்ளிப்பூச்சு கருகும்.

பல்பை மட்டும் எல்இடியாக மாற்றுவது

கடையில் அதிகம் விற்பது இதுதான். ஹாலஜனைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் எல்இடி பல்பைச் செருகினால் ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்தது. ஆனால் ரிஃப்ளெக்டர் வைத்த ஹெட்லைட்டில் இதை நான் யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன்.

காரணம் பல்புக்குள் இருக்கிறது. ஒரு ஹெச்4 ஹாலஜன் பல்பைக் கையில் எடுத்துப் பாருங்கள். உள்ளே இரண்டு இழைகள். டிம்முக்கான இழைக்குக் கீழே மட்டும் சின்னத் தகரக் கிண்ணம் ஒன்று இருக்கும். அந்த இழையின் வெளிச்சம் ரிஃப்ளெக்டரின் கீழ்ப்பாதியில் பட்டு மேலே எகிறாமல் தடுப்பது அந்தக் கிண்ணம்தான். இழை இருக்கும் இடம், அதன் நீளம், கிண்ணத்தின் விளிம்பு எல்லாவற்றையும் மில்லிமீட்டர் கணக்கில் வைத்துத்தான் ரிஃப்ளெக்டரின் வளைவையே வடிவமைக்கிறார்கள். எல்இடி பல்பில் மெல்லிய இழைக்குப் பதில் தட்டையான சில்லுகள் இருபக்கமும் ஒட்டியிருக்கும். அவை இழை இருந்த அதே புள்ளியில் உட்காருவது அரிது. சுவரில் பார்க்க வெளிச்சம் பளிச்சென்று இருக்கும். ரோட்டில் வண்டிக்கு முன்னால் பத்தடிக்கு வெள்ளை வெளேரென்று கொட்டும். தூரத்துக்குப் போக வேண்டியது எதிரே வருகிறவரின் கண்ணுக்குப் போகும். கிட்டத்தில் வெளிச்சம் அதிகமானால் நம் கண்ணும் அதற்குப் பழகி, தூரத்து இருட்டு இன்னும் இருட்டாகத் தெரியும்.

ஜெர்மனியில் 2020-ல்தான் ஆஸ்ராம் நிறுவனத்தின் ஒரு எல்இடி பல்புக்கு முதன்முதலாக ரோட்டில் பயன்படுத்த அனுமதி கிடைத்தது. அதுவும் சோதித்துப் பார்த்த குறிப்பிட்ட கார் மாடல்களுக்கு மட்டும். இந்தப் பல்பு இந்த ஹெட்லைட்டுக்குள் ஒழுங்காக வெளிச்சம் தருகிறதா என்று வண்டிவாரியாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. எல்லா வண்டிக்கும் பொருந்தும் என்று அட்டையில் அச்சடித்த பல்பிடம் அதை எதிர்பார்க்க முடியாது.

நம் பக்கத்தில் ஹெட்லைட் கண்ணாடி நடுவில் கறுப்புப் பொட்டு ஒட்டும் வழக்கம் இருந்தது. நல்ல எண்ணத்தில் வந்த பழக்கம்தான். ஆனால் எல்இடி பல்பைப் போட்டுவிட்டுப் பொட்டு ஒட்டினால் கூச்சம் தீராது; வெளிச்சம் சிதறுவது பொட்டுக்கு வெளியே இருக்கிற மீதிக் கண்ணாடி முழுவதிலுமிருந்து.

சட்டம் எங்கே நிற்கிறது

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52ஆம் பிரிவு, உற்பத்தியாளர் கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, மீறும் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-ல் 111ஆம் விதி முன்பக்கம் ஸ்பாட் லைட், சர்ச் லைட் வைப்பதைத் தடுக்கிறது. விதிவிலக்குக்குப் பதிவு அதிகாரியின் முன் அனுமதி வேண்டும். ஆகவே கூரைமேல் நீள எல்இடி பார் என்ற பேச்சே வேண்டாம். சிவப்பு, நீல மின்னல் விளக்குகளும் அப்படியே.

106ஆம் விதியை மட்டும் கொஞ்சம் நின்று படிக்க வேண்டும், ஏனென்றால் அதில் ஒரு சோதனையே அடங்கியிருக்கிறது. விளக்குக்கு 8 மீட்டர் முன்னால், வண்டியின் வலது விளிம்பிலிருந்து அரை மீட்டர் தள்ளி, தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் ஒருவர் கண் இருந்தால், அந்தக் கண் கூசாதபடி விளக்கு கீழே தணிந்திருக்க வேண்டும் என்பது அதன் சாரம். வேலை முடிந்ததும் இதை நீங்களே செய்து பார்க்கலாம். எப்படி என்று பின்னால் சொல்கிறேன்.

உங்கள் வண்டியின் மேல் மாடலில் கம்பெனியே ஃபாக் லாம்ப் கொடுக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். அப்படியானால் பம்பரில் இடமும், பல சமயம் கப்ளரும் தயாராக இருக்கும். அந்தச் சாமானைப் போடுவதே சட்டத்துக்கும் வாரண்டிக்கும் பாதுகாப்பான வழி. வேறு விளக்கு என்றால், கண்ணாடியில் வட்டத்துக்குள் 'ஈ' என்ற ஆங்கில எழுத்தும் ஓர் எண்ணும் பொறித்திருக்கிறதா பாருங்கள். அட்டையில் அச்சடித்திருந்தால் போதாது. விளக்கிலேயே இருக்க வேண்டும்.

அட்டையில் 300 வாட், உண்மையில் எவ்வளவு?

வயர் எவ்வளவு தடிமன், ஃப்யூஸ் எத்தனை ஆம்பியர் என்பதெல்லாம் விளக்கு இழுக்கும் கரண்டைப் பொறுத்தது. அட்டையை நம்ப வேண்டாம். மீட்டரை 10 ஆம்பியர் அளவில் வைத்து, பேட்டரி ப்ளஸ்ஸுக்கும் விளக்கின் சிவப்பு வயருக்கும் நடுவே கொடுத்துக் கடையிலேயே அளந்து பாருங்கள். 1.6 ஆம்பியர் காட்டினால் 13 வோல்ட்டில் சுமார் 21 வாட். அவ்வளவுதான் அந்த விளக்கு. ஒருவகையில் நல்லதே: நமக்குத் தேவையும் அவ்வளவுதான்.

விளக்குக்கு 20 வாட் வீதம் ஒரு ஜோடி என்று வைத்துக்கொள்வோம். 40 வாட்டை 13.5 வோல்ட்டால் வகுத்தால் 3 ஆம்பியர். அதோடு கால்பங்கு கூட்டினால் 3.75. அதற்கு அடுத்த அளவு 5 ஆம்பியர் ஃப்யூஸ். வெளிர் பழுப்பு நிற பிளேடு ஃப்யூஸ் அது. 10 சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள். "பத்து போட்டுக்கலாம் அண்ணே, அடிக்கடி போகாது" என்பார்கள். ஃப்யூஸ் காப்பாற்றுவது வயரை. விளக்கு எப்படியும் தன் பாட்டைப் பார்த்துக்கொள்ளும். அடிக்கடி போகிறது என்றால் எங்கோ வயர் உரசுகிறது என்று அது சொல்கிறது.

வயர் 1.5 சதுர மில்லிமீட்டர், பல இழை செம்பு. 3 ஆம்பியருக்கு ஐந்து மீட்டர் ஓட்டத்தில் கால் வோல்ட்கூடப் போகாது. மலிவான கிட்டில் வரும் வயரின் முனையைச் சீவி, ஓர் இழையைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். மேலே செம்பாகவும் உள்ளே வெள்ளையாகவும் இருந்தால் அது செம்புப் பூச்சுள்ள அலுமினியம். அதைத் தூக்கிப் போட்டுவிட்டு மீட்டர் கணக்கில் நல்ல ஆட்டோ வயர் வாங்குங்கள்.

ரிலே கட்டுவது

பேட்டரி மைனஸை முதலில் கழற்றுங்கள். பெரும்பாலான கார்களுக்கு 10 நம்பர் ஸ்பேனர் போதும். ஏர்பேக் உள்ள வண்டியானால் சில நிமிடம் பொறுத்துத்தான் எதையும் தொட வேண்டும்.

நாலு கால் ரிலேயைத் திருப்பிப் பார்த்தால் 30, 87, 85, 86 என்று எழுதியிருக்கும். பேட்டரி ப்ளஸ்ஸிலிருந்து வரும் வயர் 30-க்கு. ஃப்யூஸ் ஹோல்டர் பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். அதற்கு அப்பால் வைத்தால், பேட்டரிக்கும் ஃப்யூஸுக்கும் நடுவே வயர் உரசி ஷார்ட் ஆகும்போது அதைத் தடுக்க எதுவும் இல்லை. 87-லிருந்து இரு விளக்குகளின் ப்ளஸ்ஸுக்கும் லைன். விளக்குகளின் மைனஸ் எர்த்துக்கு.

மீதி 85, 86. இவை ரிலேயின் சுருளுக்கான முனைகள். டிம் அடித்தால் அணைகிற நம் நிபந்தனை நிறைவேறுவது இந்த இடத்தில்தான். ஹை பீம் வயரிலிருந்து ஒரு மெல்லிய லைன் எடுத்து, டாஷ்போர்டில் ஒரு சின்ன சுவிட்ச் வழியாக 86-க்கு, 85 எர்த்துக்கு. ஹை பீம் போட்டால்தான் சுருளுக்கு உயிர். சுவிட்ச் வெறும் கூடுதல் அனுமதி. சுருள் இழுப்பது கால் ஆம்பியருக்கும் கீழே, ஆகவே 0.75 சதுர மில்லிமீட்டர் வயர் போதும். பழைய ஹை பீம் லைனுக்கும் பாரம் இல்லை.

இங்கே பலர் தடுமாறும் இடம் ஒன்று. சில வண்டிகளில் ஹெட்லைட்டுக்கு ப்ளஸ் எப்போதும் பொதுவாக வந்துகொண்டிருக்கும். சுவிட்ச் எர்த் பக்கத்தை மாற்றிக் கொடுக்கும். ஜப்பானிய வடிவமைப்புகளில் இது உண்டு. அந்த வண்டியில் 85-ஐ எர்த்தில் கொடுத்தால் விளக்கு தப்பான நேரத்தில் எரியும். இதற்கு எளிய வழி: 85-ஐ பாடியில் கொடுக்காமல், ஹெட்லைட் கப்ளரின் பொதுக் காலுக்கும் ஹை பீம் காலுக்கும் குறுக்கே சுருளைக் கட்டிவிடுங்கள். எந்தப் பக்கம் சுவிட்ச் இருந்தாலும் ஹை பீமில் மட்டும் இந்த இரண்டுக்கும் நடுவே முழு வோல்ட் வரும். எது பொது, எது ஹை பீம் என்று மீட்டர் வைத்து அளந்தே முடிவு செய்யுங்கள். வயர் நிறத்தை நம்பாதீர்கள். ரிலேக்குள் டயோடு இருந்தால் மட்டும் ப்ளஸ், மைனஸ் பக்கம் பார்த்துக் கொடுக்க வேண்டும்.

புது வண்டிகளில் விளக்குகளை ஒரு கம்ப்யூட்டர் பெட்டி கட்டுப்படுத்துகிறது. சில மாடல்களில் அது கரண்டைத் தொடர்ச்சியாக அனுப்பாமல் விட்டு விட்டு அனுப்பும். ரிலே கடகடவென்று துடிக்கும். அப்படியானால் அந்த மாடலுக்கென்றே செய்த கிட் தேவை. அந்தப் பெட்டியின் லைனில் விளக்கையே நேராகக் கட்டினால், எரிந்துபோவது பல ஆயிரம் ரூபாய் பெட்டி. எந்த வண்டியானாலும் ஒரிஜினல் வயரை வெட்டாமல், நடுவில் செருகும் கப்ளர் வாங்கிப் போடுங்கள். வாரண்டியில் வரும் தகராறில் பாதி, வெட்டிய வயரால் வருவது.

லக்கும் எர்த்தும்

ஆரணி, தேவிகாபுரம் வட்டாரத்தில் தறியில் அச்சு பிணைக்கிறவர் விரலில் சாம்பல் தொட்டு, பழைய பாவின் ஒவ்வோர் இழையோடும் புதுப் பாவின் இழையை முறுக்கி இணைப்பார். அந்த முறுக்கு தறியின் இழுப்பைத் தாங்கும். செம்புக் கம்பிக்கு அந்தக் குணம் இல்லை. முறுக்கி டேப் சுற்றிய ஜாயின்ட் இன்ஜின் அதிர்விலும் நம் கோடையிலும் நெகிழ்ந்துவிடும். மார்ச் தாண்டினால் பானெட்டுக்கு உள்ளே டேப்பின் பசை உருகி வழியும்.

ஆகவே லக் போடுங்கள். வயர் முனையில் ஆறேழு மில்லிமீட்டர் மட்டும் சீவி, ஓர் இழையும் அறுபடாமல் லக்குக்குள் செலுத்தி, கிரிம்பிங் பிளையரால் அழுத்துங்கள். சாதாரணக் கட்டிங் பிளையரால் நசுக்குவது போதாது. பிறகு வயரையும் லக்கையும் பிடித்து நன்றாக இழுத்துப் பாருங்கள். கழன்று வந்தால் இப்போதே வந்தது நல்லது. மேலே ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போட்டு லைட்டரால் சூடு காட்டினால் ஈரம் உள்ளே போகாது. வயரின் முதுகில் கடித்துக்கொள்ளும் பிளாஸ்டிக் கிளிப் ஜாயின்ட்களை முன்பக்கத்தில் பயன்படுத்த வேண்டாம். ஐப்பசி மழை முடிவதற்குள் பச்சை பிடித்துவிடும்.

விளக்கு மின்னுகிறது, மங்குகிறது என்று வரும் புகார்களில் பெரும்பாலும் எர்த்தைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். பெயிண்ட் மேலேயே போல்ட்டை முறுக்கினால் எர்த் கிடைக்காது. போல்ட் உட்காரும் இடத்தில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்குப் பெயிண்டை உப்புத்தாளால் தேய்த்து, தகடு மின்னுகிற வரை சுத்தம் செய்யுங்கள். வட்ட லக், அதன் மேல் பல்வைத்த வாஷர், பிறகு போல்ட். முறுக்கி முடித்தபின் மேலே வாசலின் தடவினால் துரு அண்டாது. முன்பே தடவினாலும் தவறில்லை, மெல்லியதாக இருக்க வேண்டும்.

வயரை நெளிவுக் குழாய்க்குள் விட்டு, சைலன்சர் மானிஃபோல்டுக்கும் ஃபேனுக்கும் விலக்கி, ஒரிஜினல் வயர்க்கட்டு போகும் வழியிலேயே கொண்டுபோய் டை கட்டுங்கள். டாஷ்போர்டுக்கு உள்ளே நுழைய இருக்கிற ரப்பர் புஷ்ஷின் வழியாகவே போகட்டும். தகட்டில் புது ஓட்டை போட்டு வயரை வெறுமனே விட்டால் உரசி உரசி வெட்டுப்படும். நெல் மூட்டை அடுக்கிய இடத்தருகே வண்டி நிற்கும் வீடுகளில் எலித்தொல்லை வேறு. குழாயின் முனைகளையும் டேப்பால் அடைத்துவிடுங்கள்.

சுவரில் பார்ப்பது

ஃப்யூஸைப் போடுவதற்கு முன் எல்லாவற்றையும் ஒருமுறை கண்ணால் பாருங்கள். பேட்டரி மாட்டி, ஃப்யூஸ் போட்டு, ஹை பீம், புது சுவிட்ச், டிம் என்று மாற்றி மாற்றி அடியுங்கள். டிம்மில் அணைகிறதா? சாவியை எடுத்தபின் அணைந்தே இருக்கிறதா? விளக்கு எரியும்போது மீட்டரின் ஒரு ஊசியைப் பேட்டரி ப்ளஸ்ஸிலும் மற்றதை விளக்கின் ப்ளஸ்ஸிலும் வையுங்கள். 0.3 வோல்ட்டுக்குள் இருந்தால் லைன் நன்று. அதேபோல் பேட்டரி மைனஸுக்கும் விளக்கின் மைனஸுக்கும் நடுவே 0.1-க்கு மேல் வந்தால் எர்த்தை மறுபடி பிரியுங்கள்.

பிறகு சமதரையில் சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்தி, டயர்க் காற்று சரிபார்த்து, ஓட்டுநர் இருக்கையில் ஒருவரை உட்காரச் சொல்லுங்கள். ஹெட்லைட் மையத்தின் உயரத்தில் சுவரில் சாக்பீசால் கோடு போடுங்கள். டிம் வெளிச்சத்தின் மேல்விளிம்பு அந்தக் கோட்டுக்கு 10 சென்டிமீட்டர் கீழே வர வேண்டும். அந்த விளிம்பு ஒரு பக்கம் படிபோல மேலேறும்; அது இடப்பக்கமாக இருக்க வேண்டும், ஏனென்றால் நாம் இடப்பக்கம் ஓட்டுகிறோம். வலப்பக்கம் ஓட்டும் நாடுகளுக்குச் செய்த விளக்கானால் படி வலது பக்கம் ஏறும். அது நேராக எதிரே வருகிறவர் முகத்துக்கே. என்ன திருகினாலும் சரியாகாது, திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கூடுதல் விளக்கின் பிரகாசமான நடுப்பகுதியும் சாக்பீஸ் கோட்டுக்கு மேல் ஏறக்கூடாது.

கடைசியாக 106ஆம் விதி. டிம்மில் வைத்துவிட்டு வண்டியை விட்டு இறங்கி, 8 மீட்டர் முன்னால், வண்டியின் வலது ஓரத்துக்கு அரை மீட்டர் வெளியே நில்லுங்கள். கண் 1.5 மீட்டர் உயரத்துக்கு வரும்படி கொஞ்சம் குனிந்து விளக்கைப் பாருங்கள். கூசினால் வேலை முடியவில்லை. டிக்கியில் புடவைக் கட்டோ மூட்டையோ ஏற்றுகிற வண்டி என்றால் பாரத்தோடும் பாருங்கள். பின்பக்கம் அமிழ்ந்தால் முன்பக்கம் வெளிச்சம் நிமிரும். ஹெட்லைட் உயரம் மாற்றும் குமிழ் டாஷ்போர்டில் இருப்பது இதற்குத்தான்.

இண்டிகேட்டர், பின்விளக்கு

இண்டிகேட்டரில் 21 வாட் பல்புக்குப் பதில் எல்இடி போட்டால் வேகவேகமாக அடிக்கும். பாரம் குறைந்ததால் பல்பு போய்விட்டது என்று ஃப்ளாஷர் நினைத்துக்கொள்கிறது. பழைய வண்டியில் எல்இடிக்கான எலக்ட்ரானிக் ஃப்ளாஷரை மாற்றினால் போதும். 6 ஓம், 50 வாட் ரெசிஸ்டரைக் குறுக்கே கட்டுவதும் உண்டு. ஆனால் அது தொட்டால் கை வெந்துபோகும் அளவுக்குச் சூடாகும், தகட்டில்தான் பொருத்த வேண்டும், பிளாஸ்டிக்கில் கூடாது. பின்விளக்குக்கு எல்இடி வாங்கினால் சிவப்புக் கண்ணாடிக்குச் சிவப்பு எல்இடியே வாங்குங்கள்.

டிராக்டர் டிரெய்லர் வைத்திருக்கிறவர்கள் இந்தப் புத்தகத்தை வாங்கியிருந்தால், மேலே சொன்ன எதையும் செய்வதற்கு முன் டிரெய்லரின் பின்புறம் சிவப்பு ரிஃப்ளெக்டர் டேப்பை அகலமாக ஒட்டிவிடுங்கள். வயரும் வேண்டாம், பேட்டரியும் வேண்டாம்.

எல்லாம் முடிந்ததும் ரிலே எங்கே, ஃப்யூஸ் எத்தனை, எந்த நிற வயர் எங்கே போகிறது, எர்த் எந்த போல்ட்டில் என்று ஒரு தாளில் படம் போட்டு, பிளாஸ்டிக் உறையில் வைத்து ஃப்யூஸ் பெட்டி மூடியின் உட்புறம் ஒட்டுங்கள். மூன்று வருடம் கழித்து வேறு ஊரில் வேறு எலக்ட்ரீஷியன் மூடியைத் திறக்கும்போது, அவர் கட்டிங் பிளையரை எடுப்பதற்கு முன் அதைப் படிப்பார்.